சங்க லாரியில் சிறு திரை

1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் லாரிகளை அறியாத அங்கத்தினர் நம்மில் அரியர். பழைய லாரிகளில் வெப்பத்துக்கு ஒரு கம்பி, எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு கம்பி என்று மீட்டர்தோறும் தனி ஒயர் ஓடிற்று. இப்பொழுது அவ்வழக்கம் பெரும்பாலும் போயிற்று. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட 'கேன்' என்னும் முறையில் (தண்ணீர் கேன் அன்று), என்ஜினும் பிரேக்கும் பிறவும் முறுக்கிய இரண்டே கம்பிகளின் வழியே செய்தி விடுகின்றன. வேண்டிய கருவி வேண்டியதைக் கேட்டுக்கொள்கிறது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின், பல டீசல் லாரிகள் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசலையும் சுமக்கின்றன. அது தீர்ந்தால் லாரியின் இழுப்பு குறைந்துவிடும். சரக்கு வழியில் நிற்கும். துறைமுகத்தில் கப்பல் நமக்காகக் காத்திராது. ஆகவே கரைசலின் அளவையும் பழுதின் எண்ணையும் டிரைவருக்குத் தெளிவாகக் காட்டும் சிறு திரை ஒன்றைச் சங்க லாரியில் பொருத்தலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பொருத்தலாம். பொருத்தும் விதத்தில்தான் அங்கத்தினர் பணம் அடங்கியிருக்கிறது.

இரு கம்பிகளும் சும்மா இருக்கையில் ஏறக்குறைய 2.5 வோல்ட்டில் நிற்கும். செய்தி செல்கையில் ஒன்று 3.5-க்கு ஏறும்; மற்றது 1.5-க்கு இறங்கும். கருவி பார்ப்பது இவற்றின் வித்தியாசத்தை மட்டுமே. வெளியிலிருந்து வரும் இடையூறு இரண்டையும் ஒருங்கே தாக்குவதால் வித்தியாசம் கெடுவதில்லை. முறுக்கை நீளமாக அவிழ்த்துவிட்டாலோ அக்காப்பு போயிற்று. புரி அவிழ்ந்த நூலின் கதி நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. இவை இல்லையேல் செய்தி கோடியில் மோதித் திரும்பி, பின்வருவதைக் குழப்பும். பாட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தால் மீட்டர் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். சில திரைகளின் உள்ளேயே மூன்றாவது தடை ஒன்று வைத்திருப்பார்கள். அதை நீக்காமல் இணைத்தால் மீட்டர் 40 காட்டும். வேலை முடிந்தபின்பும் 60 காட்டாத லாரியை மெக்கானிக்கிடமிருந்து பெறலாகாது என்பது நம் துணிபு.

ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றும் பழக்கம் இதற்கு உதவாது. ராயபுரம், திருவொற்றியூர் கடற்கரையின் உப்புக்காற்றில் அத்தகைய இணைப்பு விரைவில் களிம்பேறும். பரிசோதனை சாக்கெட்டில் கிளை ஒயர் செருகி எடுப்பதே தக்கது. கிளை ஒரு மீட்டருக்கு மேற்படலாகாது. அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் பொதுவாகச் சாவியை எடுத்தபின்னும் நிற்பதில்லை. துறைமுக வரிசையில் லாரி நாட்கணக்கில் நின்றால் பாட்டரி இறங்கிவிடும். எனவே சாவியோடு அணையும் வழியிலிருந்து, பியூஸ் வைத்து, மின்சாரம் எடுக்க வேண்டும். கனரக லாரி 24 வோல்ட்; காருக்குச் செய்த 12 வோல்ட் திரை அதில் கருகும்.

திரையைக் கேட்க மட்டும் அமைப்பது நலம். செய்தியின் வேகத்தைத் தவறாக அமைத்த கருவி பேசவும் தொடங்கினால், பிழைக்குறிகளை இடைவிடாது விட்டு மற்றவற்றின் பேச்சையும் கெடுக்கும்; என்ஜினும் பிரேக்கும் அக்கம்பியை நம்பியே இருக்கின்றன. வாரண்டிக் காலத்து லாரியாயின், விற்ற முகவரின் எழுத்துமூலச் சம்மதத்தை வாகனப் பதிவேட்டில் சேர்த்த பின்னரே காரியதரிசி வேலையைத் தொடங்கச் சொல்லலாம்.