பிரட்டுக்களத்தில் சொல்லாத விண்ணப்பம்

அவிசாவளை பஸ் நிலையத்தில் காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் இருவரும் எதிரெதிரே வந்து நின்றோம். அவர் பக்கத்து டிவிஷனின் வெளிக்கள உத்தியோகத்தர், சிங்களவர், தமிழில் என்னைவிட நன்றாக ஏசத் தெரிந்தவர். “எங்க மச்சான் இந்த நேரத்தில?” என்று கேட்டார். கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போவதாகச் சொன்னேன். தான் ஒரு காணி விஷயமாகப் போவதாக அவர் சொன்னார். ஒரே பஸ்ஸில் ஏறி வேறுவேறு இருக்கைகளில் உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்குக் கம்பனித் தலைமையகத்தின் நடையில், ஒரே வாங்கில், கழுத்துப்பட்டியோடு அருகருகே இருந்தோம். உதவி முகாமையாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சை அது.

இருவருக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை. தோட்டத்தையே முன்பின் பார்த்திராத ஒரு இளைஞருக்குக் கிடைத்தது. அதைவிட, நாங்கள் ஏன் அப்படிப் பொய் சொன்னோம் என்ற கேள்விதான் எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. சப்ரகமுவத் தோட்டங்களில் மேலே போக முயல்கிறவர் எவரும் அதைக் களவு செய்வதுபோலவே செய்கிறார். இது ஆட்களின் குணக்கோளாறு என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

பெயர் தமிழ், கதிரை வேறு

தோட்டத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கு முதலில் படிகளைச் சொல்லிவிடுகிறேன். தொழிலாளிக்கு மேலே சில்லறைக் கங்காணி, கங்காணி. அதற்கு மேலே உத்தியோகத்தர்கள்: மலையில் கணக்கப்பிள்ளை, கண்டக்டர், ஸ்டோரில் டீமேக்கர், கந்தோரில் கிளாக்கர். இன்று வெளிக்கள உத்தியோகத்தர் என்று கடிதத்தில் எழுதினாலும் வயதானவர்கள் இன்னும் ‘கண்டாக்கையா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கும் மேலே சின்னத்துரை, பெரியதுரை. உதவி முகாமையாளர், முகாமையாளர் என்பவை புதிய பெயர்கள்.

வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் தங்கள் ஆங்கிலப் பேச்சிலேயே எஸ்.டி., பி.டி. என்று சொல்லிக்கொண்டார்கள். அவை சின்னத்துரை, பெரியதுரை என்ற தமிழ்ச் சொற்களின் சுருக்கம். பதவியின் பெயர் தமிழாக இருந்தது. அந்தக் கதிரையில் லயத்துப் பிள்ளை உட்காருவது மட்டும் இன்றுவரை அரிது.

காரணம் எளிது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஏணிபோலத் தெரிவது உண்மையில் இரண்டு ஏணிகள். முதல் ஏணி உத்தியோகத்தரோடு முடிகிறது. இரண்டாவது ஏணி அங்கிருந்து தொடங்குவதில்லை. பெரிய பாடசாலையில் படித்து, ஆங்கிலம் பேசி, விளையாட்டில் பெயர் எடுத்த இளைஞர் ‘கிரீப்பர்’ என்ற பயிலுநராகத் துரையிடம் வந்து சேர்வார். பின்பு சின்னத்துரை ஆவார். பிரித்தானியர் காலத்து வழக்கம் இது. கம்பனிகள் மாறின, வழக்கம் முழுதாக மாறவில்லை. ஓர் ஏணியின் உச்சியிலிருந்து மற்றதன் அடிப்படிக்குத் தாவுவதற்கு எழுதப்பட்ட விதி எதையும் நான் வேலை செய்த இடங்களில் கண்டதில்லை. துரைக்குப் பிடித்திருந்தால் அவர் பெயரைச் சொல்வார். விதி இல்லாத இடத்தில் தயவுதான் விதி. தயவை நாடுகிறவர் அதைச் சத்தமாக நாடமாட்டார்.

கங்காணி விட்டுப்போன நிழல்

மேலே போகிறவனைச் சந்தேகமாகப் பார்க்கும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டிவந்த பெரிய கங்காணி அநேகமாக அதே ஊர்க்காரர், அதே சாதிசனம். ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு ‘பென்ஸ் காசு’ கிடைத்தது. தொழிலாளியின் கடனை ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதி, அந்தக் கடனைக் கட்டும் இன்னொரு தோட்டத்துக்கு ஆளை மாற்றிவிட முடிந்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் நம்மில் ஒருவன் உயர்ந்தால் நம் தலையை எண்ணித்தான் உயர்வான் என்ற பாடம் அதோடு ஒழியவில்லை.

கங்காணிக்கு மேலிருந்த கந்தோர், ஸ்டோர் வேலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பலர் வந்தார்கள். ஆங்கிலம் கற்ற அவர்களுக்கும் லயத்துக்கும் இடையே இருந்த தூரத்தை இந்தப் பக்கங்களைப் படிக்கும் வடக்கு வாசகர்களிடம் மறைப்பதில் பயனில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் யார் இருப்பது, யார் போவது என்று எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது எங்களில் பெரும்பகுதியினர் நாடற்றவர்களாகவோ கப்பலேறக் காத்திருந்தவர்களாகவோ இருந்தார்கள். நாளை இருப்போமா என்று தெரியாதவன் எந்தப் பதவிக்கு விண்ணப்பிப்பான்? 1992இல் முகாமைத்துவம் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறியபோது, துரைமார் வரிசையில் எங்கள் ஆட்களைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது.

சப்ரகமுவவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியாவைப் போல நாங்கள் இங்கே திரண்டு வாழவில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மிகப் பெரும்பான்மையினர் சிங்களவர்கள். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு றப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் சிதறிக் கிடக்கிறோம். 1977இலும், 1981 ஆகஸ்ட்டிலும், 1983இலும் அடி விழுந்தபோது ஓடி ஒளிய அடுத்த தமிழ் ஊர் பக்கத்தில் இருக்கவில்லை. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனார்கள். இதை வாசிக்கும் சிலரின் பாட்டன் பாட்டி அவர்களாக இருக்கலாம். அவர்கள் அங்கே இன்னொரு போரைக் கண்டார்கள். இங்கே எஞ்சியவர்கள் கண்ணில் படாமல் வாழக் கற்றுக்கொண்டார்கள். தலையைத் தூக்காதே என்று எனக்கு யாரும் வாயால் சொல்லித்தரவில்லை. அம்மா பஸ்ஸில் தமிழ் பேசும்போது குரலைத் தாழ்த்துவதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அந்த வாங்கில் தெரிந்துகொண்டது

நேர்முகப் பரீட்சை முடிந்து திரும்பும்போது அவரும் நானும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். சிங்களவர் என்பதால் அவரைத்தான் எடுப்பார்கள் என்று நான் பயந்திருந்தேன். தொழிலாளரைச் சமாளிக்கத் தமிழ் ஆள் தேவை என்பதால் என்னைத்தான் எடுப்பார்கள் என்று அவர் பயந்திருந்தார். ஒருவரை ஒருவர் மறைத்ததால் எங்களுக்கு என்ன மிச்சம்? எதற்குப் புள்ளி, என்ன தகுதி, எந்தப் பாடநெறி கணக்கில் எடுபடும் என்று ஒரு கேள்விகூட நாங்கள் கேட்கவில்லை. தனியாகக் கேட்டால் ஆசைப்படுகிறான் என்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் அது ஒரு கோரிக்கை. எங்கள் மௌனம் எங்களைக் காப்பாற்றவில்லை, தெரிவுசெய்தவர்களைத்தான் கேள்வியிலிருந்து காப்பாற்றியது.

அதன் பிறகு நாங்கள் சேர்ந்து தேடினோம். அத்துருகிரியவிலுள்ள தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் தோட்ட உத்தியோகத்தர்களுக்குப் பாடநெறிகள் நடத்துகிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாழ்நாட்டு நிலையம் இரத்தினபுரியிலேயே இருக்கிறது. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் விவசாயபீடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எட்டாத தூரம் அது, ஏனெனில் உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கக்கூடிய பாடசாலைகள் இம்மாகாணத்தில் மிகக் குறைவு.

வேலையிலும் எதைக் கற்கவேண்டும் என்று தெரிந்தது. உத்தியோகத்தரின் திறமை ஆளை இறக்குவதிலும் செக்றோல் எழுதுவதிலும் அளக்கப்படுகிறது. முகாமையாளரிடம் கேட்கப்படுவது வேறு கணக்கு: ஒரு கிலோவுக்கான உற்பத்திச் செலவு, எந்த மலையை எப்போது கவ்வாத்து வெட்டுவது, மழையால் பால்வெட்டு எத்தனை நாள் தவறியது, மீள்நடுகைக்கு என்ன செலவு. இந்தக் கணக்குகளை யாரும் மறைத்து வைக்கவில்லை. கேட்பவர் இல்லாததால் கந்தோர் அலுமாரியில் இருக்கின்றன. மாத முடிவில் அந்தக் கணக்கைப் போட உதவுகிறேன் என்று கேட்பது பதவி கேட்பது ஆகாது. ஆனால் அடுத்த நேர்முகப் பரீட்சையில் பேசுவதற்கு விஷயம் இருக்கும். ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையும் சிங்களத்தில் ஒரு கடிதமும் சொந்தமாக எழுதத் தெரிந்திருக்கவேண்டும். அது இல்லாமல் மற்ற எதுவும் உதவாது.

எது மௌனம், எது காட்டிக்கொடுப்பு

விண்ணப்பித்ததைப் பிரட்டுக்களத்தில் அறிவிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்காத வேலைக்காக வருடக்கணக்கில் கேலி கேட்க யாருக்கும் விருப்பமில்லை. ஆசையை மனதுக்குள் வைத்திருப்பது ஒருவரின் உரிமை. ஆனால் சக ஊழியரின் பிழையைத் துரையின் காதில் போட்டு மேலே போவதும் அந்த மௌனத்துக்குள்தான் நடக்கிறது. போரைக் கண்ட சமூகத்துக்குக் காட்டிக்கொடுப்பு என்ற சொல்லின் பாரத்தை நான் விளக்கவேண்டியதில்லை. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: துரையிடம் சொல்லும் எதையும் அந்த ஆளின் முன்னாலும் சொல்ல முடியவேண்டும். முடியாவிட்டால் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

ஏறுபவர் இழப்பதும் ஒன்று உண்டு. தொழிலாளருக்கும் உத்தியோகத்தருக்கும் தனித்தனியே சங்கங்கள் இருக்கின்றன. உதவி முகாமையாளர் நிறைவேற்றுத் தரம். அந்தக் கூட்டு ஒப்பந்தங்கள் அவரைக் காப்பதில்லை. வீட்டில் பேசி முடிவெடுக்கவேண்டிய விஷயம் அது. பெண்களுக்குப் பாதை இன்னும் குறுகல். ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது 1984இல்தான். கொழுந்தெடுப்பவர்கள் பெண்கள், அவர்களை மேய்ப்பவர்கள் ஆண்கள் என்ற ஒழுங்கு இப்போதுதான் மெதுவாக, பெண் கங்காணிகளால், அசையத் தொடங்கியிருக்கிறது.

நான் இரண்டாவது முறை விண்ணப்பித்தபோது இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் அந்தச் சிங்கள நண்பர். அவரும் விண்ணப்பித்திருந்தார், என் கடிதத்தின் ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தார். மற்றவர் என் அத்தை. அவர் இன்னும் கொழுந்தெடுக்கிறார். கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டார்: “தொரையானா எனக்கு அரைப்பேர் போடுவியா சாமி?”

18 கிலோ எடுக்கவேண்டிய நாளில் 14 எடுத்தால் அரைநாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. சம்பளம் ஏறும்போதெல்லாம் எடுக்கவேண்டிய கிலோவும் ஏறுகிறது என்பதுதான் மடுவத்தில் கேட்கும் பேச்சு. அத்தைக்கு நான் ஏற்கெனவே அரைப்பேர் போட்டிருக்கிறேன். செக்றோலில் அந்த அடையாளத்தை இட்டது என் கை. அந்த 18ஐத் தீர்மானித்தது நானல்ல, என் கங்காணியுமல்ல. பசளை போடாத, காய்ந்த மலையில் இன்றைக்கு 14 போதும் என்று சொல்லும் அதிகாரம் துரையின் மேசையில் இருக்கிறது.

அத்தையிடம் அதைச் சொன்னேன். அப்படியானால் போ என்றார். போனபிறகு இதை மறந்துவிடாதே என்றும் சொன்னார். முடிவு இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே, தகுதி என்ன, புள்ளி எதற்கு என்பதைக் கந்தோர் அறிவித்தல் பலகையில் மூன்று மொழியிலும் போடும்படி நானும் நண்பரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுக் கேட்டிருக்கிறோம். படிகள் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தால், எங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் அவிசாவளை பஸ் நிலையத்தில் ஒருவருக்கொருவர் பொய் சொல்லவேண்டி வராது.