ரகுநாதாச்சாரி கண்ட செந்தாரகை

தை பிறந்த நாள்களில், இரவு ஒன்பது மணியளவில், காலிமுகத்திடலில் நின்று தென்திசையை நோக்குவோமானால் அகத்திய நட்சத்திரம் சுடர்விடக் காண்போம். அதற்கு வலப்புறம், சற்றுத் தாழ, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத தாரகை ஒன்றுண்டு. ‘ஆர் ரெட்டிகுலி’ என்பது அதன் பெயர். அதன் ஒளி மாறுவதை 1867ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் வெள்ளையர் அல்லர். சென்னை வானாராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்.

ஏறத்தாழ 280 நாள்களுக்கு ஒருமுறை இத்தாரகை பொலிந்து மங்குகின்றது. பொலிந்த வேளையில் சிறு தொலைநோக்கியே போதும். மங்கிய வேளையிலோ ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கினுங் குறைந்துவிடும். காரணம் யாது? இஃது அகவை முதிர்ந்து, பருத்துச் சிவந்த விண்மீன். அதன் உடல் கொல்லன் துருத்திபோல் விம்மித் தணிகின்றது. வெப்பங் குறையும்போது அதன் புறப்படலத்தில் டைட்டேனியம் ஒட்சைட்டு மூலக்கூறுகள் தோன்றி, நம் கண்ணுக்குரிய ஒளியை விழுங்கிவிடுகின்றன. நம் சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகளளவில் இவ்வாறே பருத்துச் சிவக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. (நாம் இப்போதே அஞ்ச வேண்டியதில்லை!)

இவற்றையெல்லாம் ஆச்சாரியார் அறிந்திருக்க வழியில்லை. விண்மீன்களின் இடங்களை இரவுதோறும் அளந்து குறிப்பதே அவர் உத்தியோகம். ஆயினும் 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது; அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே.