கியர் மாறும்போது விழும் அடி

ஆண்டுகள் பல ஓடிய ஆட்டோமேட்டிக் காரில், சிக்னலை நெருங்கி வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் ஒரு குலுங்கல் எழுவதும், நெடுஞ்சாலையில் கியர் ஏறும்போது எஞ்சின் மட்டும் ஒரு கணம் உறுமிவிட்டுப் பிறகு வண்டி வெட்டி இழுப்பதும், ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குத் தள்ளியதும் அடிப்பகுதியில் 'தட்' என்று ஓசை விழுவதும் பரவலாகக் காணப்படும் கோளாறுகள். இவற்றைக் கேட்ட மாத்திரத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று தீர்ப்பெழுதி, பெட்டியையே மாற்றச் சொல்லும் பழக்கம் பணிமனைகள் பலவற்றில் வேரூன்றியிருக்கிறது. அந்தச் செலவுக்கு அஞ்சி, நன்றாக ஓடக்கூடிய வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவோரும் உண்டு. தானியங்கி கியர்பெட்டியைப் பற்சக்கர இயந்திரம் என்பதைவிட எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இயந்திரம் என்பதே பொருத்தம். அதில் பற்சக்கரங்கள் தேய்ந்து உடைவது அரிது. எண்ணெயும், எண்ணெய் செல்லும் வழிகளும், அவ்வழிகளை அடைத்துக் காக்கும் ரப்பர்த் துண்டுகளும் கெடுவதே பெருவழக்கு.

இதை விளக்க ஏற்ற எடுத்துக்காட்டு, ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் உருவாக்கிய '6எச்பி' வகை ஆறு வேக கியர்பெட்டி. 2001-இல் பிஎம்டபிள்யூவின் ஏழாம் வரிசைக் காரில் முதன்முதலாக இடம்பெற்ற இப்பெட்டி, பின்னர் ஆடி, ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகியவற்றின் வண்டிகளுக்கும் சென்றது. 2009-இல் எட்டு வேக வாரிசு வந்த பிறகும் சில ஆண்டுகள் புழக்கத்தில் நீடித்தது. சென்னைக்கு அருகே சிங்கப்பெருமாள் கோவில் பகுதியில் 2007-இல் திறக்கப்பட்ட பிஎம்டபிள்யூ ஆலையில் தொடக்க ஆண்டுகளில் இணைக்கப்பட்ட டீசல் கார்கள் பலவற்றில் இப்பெட்டியே இருந்தது. அவை இன்று பழைய கார்ச் சந்தையில் எட்டிப்பிடிக்கும் விலைக்கு வந்துவிட்டமையால், அவற்றின் கியர் சிக்கல்களும் புதிய உரிமையாளர்களின் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பெட்டியின் முகப்பில் எஞ்சினை ஒட்டி இருப்பது டார்க் கன்வெர்ட்டர். ஓடும் மின்விசிறியின் காற்று எதிரே நிற்கும் மற்றொரு விசிறியைச் சுழற்றுவதுபோல, இதனுள் எஞ்சினோடு சுழலும் இறக்கைகள் வீசும் எண்ணெய் கியர்பெட்டியோடு இணைந்த இறக்கைகளைத் தள்ளுகிறது. வேகம் கூடியதும் உள்ளிருக்கும் ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டி, வழுக்கலால் வீணாகும் ஆற்றலை மிச்சப்படுத்துகிறது. அடுத்து வருவது கோள்பற்சக்கரத் தொகுதி: நடுவே ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிவரும் சிறு பற்சக்கரங்கள், அனைத்தையும் வளைக்கும் உட்பல் வளையம். இவற்றுள் எதைச் சுழலவிடுவது, எதைப் பிடித்து நிறுத்துவது என்பதைப் பொறுத்து வேக விகிதம் மாறுகிறது. சுழலவிடவும் பிடிக்கவும் செய்பவை உராய்வுப் பூச்சுள்ள தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறிமாறி அடுக்கப்பட்ட கிளட்ச் அடுக்குகள். எண்ணெய் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளும்போது அடுக்கு இறுகுகிறது, அழுத்தம் விலகும்போது தளர்கிறது.

பிரெஞ்சுப் பொறியாளர் லெபெல்லெத்தியே வகுத்த அமைப்பைக் கொண்ட 6எச்பி பெட்டி, ஐந்தே அடுக்குகளைக் கொண்டு ஆறு முன் வேகங்களையும் ஒரு ரிவர்ஸையும் தருகிறது. அவற்றுள் ஏ, பி, ஈ என்பவை சுழலும் பாகங்களை இணைக்கும் கிளட்சுகள். சி, டி என்பவை பாகங்களைக் கூட்டோடு பிடித்து நிறுத்தும் பிரேக்குகள். எந்த வேகத்திலும் இரண்டு மட்டுமே இறுகியிருக்கும். முதல் கியருக்கு ஏ, டி. இரண்டாவதற்கு ஏ, சி. மூன்றாவதற்கு ஏ, பி. நான்காவதற்கு ஏ, ஈ. ஐந்தாவதற்கு பி, ஈ. ஆறாவதற்கு சி, ஈ. ரிவர்ஸுக்கு பி, டி. உரிமையாளர் மனப்பாடம் செய்யவேண்டியதாகத் தோன்றாத இந்தப் பட்டியல்தான் நோயறிதலின் திறவுகோல். நான்கு, ஐந்து, ஆறு மூன்றிலும் வண்டி வழுக்கி, கீழ் வேகங்களிலும் ரிவர்ஸிலும் ஒழுங்காக இருந்தால் ஈ கிளட்சையோ அதற்கு எண்ணெய் செல்லும் வழியையோ ஐயுற வேண்டும். மேட்டில் ரிவர்ஸ் எடுக்கத் திணறும் வண்டி மூன்றிலும் ஐந்திலும் பிடி தளர்ந்தால் குற்றம் பி-யின் பக்கம். எல்லா வேகங்களிலும் ஒரே அளவு முரட்டுத்தனம் தெரிந்தால் தனியொரு கிளட்சைக் குறைசொல்ல முடியாது. எண்ணெயின் அளவு, எண்ணெயின் தரம், பொது அழுத்தம், எஞ்சினிலிருந்து வரும் தகவல் ஆகியவற்றையே முதலில் நோக்க வேண்டும். எந்த கியரிலிருந்து எந்த கியருக்கு, எண்ணெய் சூடாக இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா, பெடலை அழுத்தும்போதா விடும்போதா என்று குறித்துக்கொண்டு பணிமனைக்குச் செல்லும் உரிமையாளர், ஸ்கேனர் சொல்லாத பாதிச் செய்தியைத் தாமே கொண்டுசெல்கிறார்.

பழைய தலைமுறைப் பெட்டிகள் பலவற்றில் ஒரு திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் தானே விட்டுக்கொடுக்கும் ஒருவழிக் கிளட்சுகள் இருந்தன. பழைய கியர் எப்போது விலக வேண்டும் என்பதை அவை தாமாகவே பார்த்துக்கொண்டன. 6எச்பி பெட்டியில் கியர் மாற்றத்துக்கு அத்தகைய துணை இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்குச் செல்லும்போது சி தளர்வதும் பி இறுகுவதும், ஓட்டக்காரர்கள் தடியைக் கைமாற்றுவதுபோல, ஒரே கணத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிகழ வேண்டும். சி முன்னதாக விட்டுவிட்டால் எஞ்சின் உறுமும்; பிந்தி விட்டால் இரண்டும் ஒருசேரப் பிடித்து வண்டி உதறும். இந்த நேரக்கணக்கைப் பெட்டிக்குள்ளேயே எண்ணெயில் நனைந்தபடி அமர்ந்திருக்கும் மெக்கட்ரானிக் பார்த்துக்கொள்கிறது. எண்ணெய் வழிகள் குடையப்பட்ட அலுமினிய வால்வுக் கட்டை, மின்னோட்டத்துக்கேற்பத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுகள், கட்டுப்பாட்டுக் கணினி மூன்றும் சேர்ந்த தொகுதி அது. தட்டுகள் தேயத் தேய பிஸ்டன் நகரவேண்டிய தூரம் கூடுவதால், அதை நிரப்ப எவ்வளவு எண்ணெய், எத்தனை மில்லிநொடி தேவை என்பதை அக்கணினி ஒவ்வொரு மாற்றத்திலும் அளந்து, தன் நினைவில் திருத்திக்கொண்டே வருகிறது. வழியில் எங்கேனும் கசிவு ஏற்பட்டால் இந்தத் திருத்தம் ஓர் எல்லைவரை குறையை மூடிமறைக்கும். எல்லையைத் தாண்டியதும், முந்தைய வாரம் வரை நன்றாக ஓடிய வண்டி திடீரெனக் கெட்டதுபோல் தோன்றும்.

எண்ணெய்க்கு இங்கே மூன்று வேலைகள்: அழுத்தத்தைக் கடத்துவது, சூட்டை வெளியேற்றுவது, கிளட்ச் தட்டுகள் சந்திக்கும் இடத்தில் உராய்வை அளவோடு வைத்திருப்பது. மூன்றாவது வேலைக்கென்றே அதில் கலக்கப்பட்ட வேதிப்பொருள்கள் சூட்டில் மெல்லச் சிதைகின்றன. அவை தீர்ந்த பிறகு தட்டுகள் மெத்தெனப் பிடிக்காமல் கவ்விக்கொள்கின்றன. டார்க் கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்சில் இதே குறை ஏற்பட்டால், சீரான வேகத்தில் செல்லும்போது சாலையின் எச்சரிக்கை வரிக்கோடுகள்மீது ஏறியதுபோன்ற மெல்லிய நடுக்கம் தெரியும். இப்படியிருக்க, கார் நிறுவனங்கள் பல இந்த எண்ணெயை ஆயுட்காலத்துக்கும் மாற்றத் தேவையில்லை என்று கையேட்டில் எழுதிவைத்தது உரிமையாளர்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கு என்றே சொல்ல வேண்டும். பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் மாற்றும்படி பரிந்துரைக்கிறது. கத்திரி வெயிலில் நின்று நின்று நகரும் நகர நெரிசலைக் கடுமையான பயன்பாடாகக் கொள்வதே முறை. அங்கே ஓடும் வண்டிக்கு முதல் எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது.

எண்ணெய்க்கு அடுத்தபடி ரப்பர். வெளியிலிருந்து வரும் மின்கம்பிச் செருகி பெட்டிக்குள் நுழையும் துளையில், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கிறது. அதன்மீதுள்ள ஓ-ரிங்குகள் ஆண்டுக்கணக்கான சூட்டில் இறுகித் தட்டையானதும் எண்ணெய் துளித்துளியாகச் செருகியின் வழியே வெளியேறுகிறது. கசிவு மிக மெதுவானது. தரையில் பெரிய கறை விழுவதற்குள் பெட்டி எண்ணெய்க்கு ஏங்கத் தொடங்கிவிடும். மெக்கட்ரானிக்கிலிருந்து கியர்பெட்டியின் கூட்டுக்கு எண்ணெயைக் கொண்டுசெல்லும் பாலம் போன்ற ரப்பர் இணைப்பும், அதனருகே செருகப்பட்ட சிறு குழல்களும் இவ்வாறே கல்லாகின்றன. புதியதை விரலால் அழுத்தினால் அமுங்கி மீளும். பழையதை அழுத்தினால் நகம்தான் நோகும். இவை கசியும்போது எண்ணெய் வெளியே வருவதில்லை, பெட்டிக்குள்ளேயே வழிந்து கிளட்சைச் சென்றடைய வேண்டிய அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. நிற்கப்போகும் நேரத்தில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது விழும் அந்த இடிக்குப் பல வண்டிகளில் இத்துண்டுகளே காரணம். பெட்டியைக் கீழே இறக்காமலேயே, எண்ணெய்த் தட்டைக் கழற்றி மெக்கட்ரானிக்கை இறக்கி, இவற்றை மாற்றிவிடலாம்.

ஆனால் அதற்கும் முன், குற்றம் கியர்பெட்டியில்தானா என்பதைத் தெளிந்துகொள்வது முறை. கிளட்சுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்பதை எஞ்சின் தரும் திருகுவிசையைக் கணக்கிட்டே கணினி முடிவு செய்கிறது. காற்றின் அளவைச் சொல்லும் சென்சார் அழுக்கேறிப் பொய் சொன்னால், அழுத்தமும் பிழையாகி கியர் முரட்டுத்தனமாக விழும். பேட்டரி வலுவிழந்தாலும் சோலினாய்டுகள் தடுமாறும். எஞ்சினையும் கியர்பெட்டியையும் தாங்கும் ரப்பர்கள் கிழிந்திருந்தால், இயல்பான கியர் மாற்றம்கூட இடியாகக் கேட்கும். இவை எல்லாம் பெட்டியைத் தொடாமலேயே சோதிக்கத்தக்கவை.

எண்ணெய்த் தட்டு இறங்கியதும் அதன் உட்புறக் காந்தங்கள் பெட்டியின் வரலாற்றைக் காட்டுகின்றன. சாம்பல்நிறக் குழைவு மைபோல் விரலில் ஒட்டினால் அது வயதுக்குரிய தேய்மானம். வெளிச்சத்தில் மின்னும் உலோகச் செதில்களோ, கருகிய வாடையோடு தட்டுப் பூச்சின் கறுப்புத் துணுக்குகளோ கிடந்தால் பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. எண்ணெய் ரோஸ்மில்க் போல வெளிறிக் கலங்கியிருப்பின், குளிர்விப்பானுக்குள் ரேடியேட்டர் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அது தட்டுப் பூச்சின் பசையையே கரைக்கும் என்பதால் வண்டியை அதற்குமேல் ஓட்டலாகாது. எண்ணெய் மாற்றியதால்தான் கியர்பாக்ஸ் செத்தது என்னும் பேச்சு பரவலாக உண்டு. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து, வழுக்கத் தொடங்கிய பின் கடைசி நம்பிக்கையாக எண்ணெயை மாற்றியவர்களின் அனுபவமே பெரும்பாலும் அப்படிப் பேசவைக்கிறது. எந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவுவதைவிட, தட்டை இறக்கி வடித்து, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுமுறையும் மாற்றுவது முதிய பெட்டிக்கு இதமானது. ஒருமுறை வடிக்கையில் டார்க் கன்வெர்ட்டருக்குள் உள்ள எண்ணெய் அங்கேயே தங்கிவிடும்.

பணிமனைகள் மிகுதியும் தவறும் இடம் எண்ணெயின் அளவு. இப்பெட்டியில் அளவுகோல் கம்பி கிடையாது. பக்கவாட்டில் ஒரு நிரப்புத்துளை மட்டுமே உண்டு. அதன் மூடி திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிகால் மூடியில் கை வைக்க வேண்டும், இல்லையேல் வெறும் பெட்டியோடு வண்டி நின்றுவிடும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியரிலும் சில நொடிகள் வைத்தெடுத்தபின், எண்ணெயின் வெப்பம் 30 முதல் 50 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும்போது துளையிலிருந்து நூலாக வழிய வேண்டும். சூடான எண்ணெய் விரிவதால், 70 டிகிரியில் அளந்தவர் போதுமென்று மூடும் பெட்டியில் உண்மையில் எண்ணெய் குறைந்திருக்கும். அந்தக் குறையே மீண்டும் உதறலைக் கொண்டுவரும்.

வேலை முடிந்தபின், பழைய கசிவுக்கு ஈடாகக் கணினி கற்றுவைத்திருந்த திருத்தங்களை ஸ்கேனரால் அழிக்க வேண்டும். அழித்தவுடன் முதல் சில மாற்றங்கள் முன்னிலும் மோசமாக இருப்பதைக் கண்டு பதறுவோர் உண்டு. எண்ணெய் சூடேறியதும் மிதமான அழுத்தத்தில் எல்லா வேகங்களுக்கும் ஏற்றி, பிறகு பெடலை விட்டு மெல்ல உருண்டு நிற்கவிடுவதைப் பலமுறை செய்தால், கணினி ஒவ்வொரு கிளட்சையும் புதிதாக அளந்துகொள்ளும். இடி ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறிதுசிறிதாகத் தேய்ந்து, இரண்டு எப்போது ஒன்றானது என்பதை எஞ்சின் வேகமானியின் முள்ளைப் பார்த்தே அறியவேண்டிய நிலை வரும்.