வன எல்லையில் சூரிய விளக்கு: ஐந்தாண்டுக்குப் பின் யார் பொறுப்பு?

புது தில்லி: சரணாலயங்களையும் புலிகள் காப்பகங்களையும் ஒட்டிய சிற்றூர்களுக்கு மின்கம்பி எளிதில் போய்ச் சேர்வதில்லை. காட்டின் ஊடே கம்பம் நட, 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். தாழ்ந்து தொங்கும் கம்பிகளில் சிக்கி யானைகள் இறப்பதையும், வேட்டைக்காரர்கள் அக்கம்பிகளிலிருந்து மின்சாரம் திருடி விலங்குகளைக் கொல்வதையும் வனத்துறையினர் சுட்டிக்காட்டுகின்றனர். இந்த அச்சம் நியாயமானதே.

எனவே, இவ்வூர்களுக்கு அரசு காட்டிவரும் மாற்று வழி சூரிய விளக்கு. அதன் பயனை மறுக்க முடியாது. மண்ணெண்ணெய்ப் புகையிலிருந்து வீடுகள் விடுபடுகின்றன. மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் புலிகள் ஊருக்குள் நுழைவதைத் தடுக்கவே சூரியத் தெருவிளக்குகள் அமைக்கப்பட்டன.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2017-இல் அறிவிக்கப்பட்ட 'சௌபாக்யா' திட்டத்தில், கம்பி எட்டாத வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் திறனுள்ள சூரியத் தகடு, மின்கலம், ஐந்து எல்இடி விளக்குகள், ஒரு மின்விசிறி ஆகியவை வழங்கப்பட்டன. பராமரிப்புப் பொறுப்பு ஐந்தாண்டுகள் மட்டுமே. 2018-இல் விளக்குப் பெற்ற வீட்டுக்கு அந்தக் காலம் 2023-இல் முடிந்துவிட்டது. தகடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். மின்கலமோ சில ஆண்டுகளில் செயலிழந்துவிடும். தேனும் விறகும் சேகரித்துப் பிழைக்கும் குடும்பம் புதிய மின்கலத்துக்கு எங்கே போகும்?

விளக்கு அணைந்தாலும் அந்த வீடு அரசின் பட்டியலில் 'மின்வசதி பெற்ற வீடு' தான். 2004-ஆம் ஆண்டு வரையறைப்படி, பள்ளி போன்ற பொது இடங்களுடன் பத்து சதவீத வீடுகளுக்கு இணைப்பு இருந்தாலே ஒரு கிராமம் மின்மயமானதாகக் கருதப்பட்டது. 2018 ஏப்ரல் 28-இல் மணிப்பூரின் லெய்சாங் கிராமம் இணைக்கப்பட்டதும், நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக அரசு அறிவித்தது.

கம்பியே கூடாது என்று சட்டமும் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையுடன், மின்தொடர் உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வன நிலத்தைத் தர இடமளிக்கிறது. நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. உறையிட்ட கம்பிகளோ நிலத்தடிக் கம்பிகளோ அமைத்தால் யானைகளுக்கான ஆபத்தும் குறையும்.

சூரிய ஒளியே பொருத்தமான ஊர்களுக்கும் முன்மாதிரி உண்டு. சுந்தரவனப் பகுதியின் சாகர் தீவில், 1996-இல் கமல்பூரில் கிராமத்துக்கே பொதுவான சூரிய மின்நிலையம் அமைந்தது. மக்கள் மாதக் கட்டணம் செலுத்தினர். நிர்வாகத்தில் பயனாளிகளின் கூட்டுறவு அமைப்பும் பங்கேற்றது.

2023-இல் தொடங்கிய 'பிஎம்-ஜன்மன்' திட்டத்திலும் மிகப் பின்தங்கிய பழங்குடியினரின் வீடுகளுக்குச் சூரிய மின்வசதி இடம்பெற்றுள்ளது. எத்தனை விளக்குகள் வழங்கப்பட்டன என்பதோடு நில்லாமல், ஆறாம் ஆண்டில் எத்தனை எரிகின்றன என்பதையும் அரசு கணக்கெடுத்து வெளியிட வேண்டும்.