றேடியோவின் கரகரப்பை நாமே நீக்கலாம்

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பும்போது உங்கள் றேடியோ கரகரவென்று இரைகிறதா? பெட்டி முடிந்துவிட்டது என்று மூலையில் போட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் உள்ளே சேர்ந்த ஊத்தையே இதற்குக் காரணம்.

யாழ்ப்பாணத்தில் 1990 இல் மின்சாரம் நின்று, பற்றறியும் தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்கள் நாம். இன்றும் மாரியில் புயல் வந்து கைத்தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தால், எச்சரிக்கையைச் சொல்ல பற்றறி றேடியோ ஒன்றே மிஞ்சும். ஆகவே ஐப்பசி பிறக்கும் முன்பே அதைத் துப்புரவாக்கி வைப்பது நல்லது.

குமிழின் கீழே சிறிய வட்டப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் லாட வடிவில் கரி பூசிய பாதை. அதன்மேல் ஓர் உலோக நாக்கு வழுக்கி ஓடுகிறது. புழுதியும் ஈரக்காற்றும் அதில் படிந்தால் நாக்கு விட்டுவிட்டுத் தொடும். அந்தத் துள்ளலே எமக்குக் கரகரப்பாகக் கேட்கிறது.

முதலில் றேடியோவை நிறுத்திவிட்டு, குமிழை இரு பக்கமும் முடிவுவரை முப்பது தடவை திருப்பிப் பாருங்கள். காசு செலவில்லாத இந்த வேலையாலேயே பல பெட்டிகள் குணமாகிவிடும்.

ஆகவில்லையானால் திறக்க வேண்டும். பற்றறியைக் கழற்றுங்கள், மின்சார வயர் இருந்தால் பிடுங்குங்கள். வால்வு வைத்த பழைய பெட்டிகளைத் திறக்கவே வேண்டாம். வயரைப் பிடுங்கிய பின்னும் ஆளைத் தாக்கக்கூடிய மின்சாரம் அவற்றில் தங்கியிருக்கும். அவை தெரிந்தவரின் கைக்கு உரியவை.

வட்டப் பெட்டியின் கம்பிகள் வெளிவரும் இடத்தில் சிறு துவாரம் தெரியும். அதனூடாக, மின்தொடுப்புகளைத் துப்புரவாக்கவென்று கடையில் விற்கும் திரவத்தில் இரண்டொரு துளி விட்டு, குமிழை மீண்டும் முப்பது தடவை திருப்புங்கள். அது கிடைக்காவிட்டால் தண்ணீர் குறைந்த ஐசோபுரொப்பைல் அற்ககோல் போதும். மருந்துக்கடை ஸ்பிறிற் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். போத்தலைப் படித்துப் பார்க்கவும். மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடவே கூடாது. இன்று இரைச்சல் அடங்கியது போலத் தோன்றும். பின்பு அந்த எண்ணெயிலேயே புழுதி ஒட்டிக்கொள்ளும். அற்ககோல் உடனே தீப்பற்றும். குப்பி விளக்கை அருகில் வைத்துக்கொண்டு இந்த வேலை செய்ய வேண்டாம். நன்றாகக் காய்ந்த பின்பே பற்றறியைப் போடுங்கள்.

அலைவரிசை மாற்றும் சுவிச்சைத் தொட்டவுடன் சத்தம் போய்வந்தால் அங்கும் இதே வைத்தியந்தான். அரத்தாளால் உரஞ்ச வேண்டாம். தொடுப்புகளின் மெல்லிய வெள்ளிப் பூச்சு போய்விடும். உள்ளே காணும் சிறு திருகாணிகளையும் நிறம் பூசிய சதுரத் துண்டுகளையும் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அவை நிலையங்களைப் பிடிக்கத் தொழிற்சாலையில் சரிசெய்து விட்டவை.

பற்றறி வைக்கும் சுருள்கம்பிகளையும் பாருங்கள். அல்கலைன் பற்றறி கசிந்து வெள்ளையாய்ப் பூத்திருந்தால், பஞ்சில் சிறிது தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, உலரவிடுங்கள். கசிவு கண்ணில் படாமல் கவனம். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். துரு லேசாக இருந்தால் பென்சில் அழிறப்பரே போதும். றேடியோவைப் பல வாரம் பாவிக்காமல் வைப்பதானால் பற்றறியைக் கழற்றியே வையுங்கள்.

துப்புரவாக்கிய சில நாட்களிலேயே கரகரப்புத் திரும்பினால், அல்லது குமிழின் ஓரிடத்தில் சத்தம் அடியோடு நின்றால், கரிப்பாதை தேய்ந்திருக்கலாம். அப்போது புதிய உறுப்புத்தான் போட வேண்டும். பழையதைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், அதில் பொறித்துள்ள எண்ணும் எழுத்தும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.