உட்கார்ந்தபடியே தாய்ச்சி

காலை ஏழு மணி வாக்கில் சிங்கப்பூரின் எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைக்குள் நுழைந்தாலும், புளோக்கின் கீழ்த்தளத்திலோ பக்கத்துப் பூங்காவிலோ ஒரு கூட்டம் மெல்ல அசைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். சின்ன ஒலிபெருக்கியில் சீன இசை. முழங்கால் லேசாக மடங்கியிருக்க, கைகள் அவசரமே இல்லாமல் எழுந்து தாழும். பணிப்பெண் தள்ளிவரும் சக்கர நாற்காலிகள் அந்தக் கூட்டத்தை ஒட்டியே கடந்து போகும். நாற்காலியில் இருப்பவர் சற்று நேரம் பார்ப்பார், பிறகு தேநீர்க் கடைக்கோ சந்தைக்கோ போய்விடுவார். நிற்கவே முடியாதவருக்குத் தாய்ச்சி எதற்கு என்பதுதான் பொதுவான நினைப்பு.

அந்த நினைப்பைத் திருத்தும் வேலை தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா வளாகத்தில் மருத்துவ மானிடவியல் பேராசிரியராக இருக்கும் சிபின் குவோ, சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கென்றே 13 அசைவுகள் கொண்ட தாய்ச்சி முறையை உருவாக்கினார். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஒலிம்பிக்கும் பாராலிம்பிக்கும் நடந்த வேளையில் அது வெளியுலகுக்கு அறிமுகமானது. பின்னர் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை நிதி கொடுத்து, உடல் சேதமுற்ற முன்னாள் வீரர்களுக்கு அதைக் கற்பிக்க ஏற்பாடு செய்தது.

குவோவின் முறையில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. நின்று செய்யும் தாய்ச்சியில் கால் எடுத்துவைத்துத் திரும்பும் தருணங்களில் இவர்கள் சக்கரத்தை உருட்டித் திரும்புகிறார்கள். ஒரு கை சக்கரத்தைச் செலுத்த, மறு கை வளைந்து எழுகிறது. தினமும் தள்ளியும் இழுத்தும் சலித்துப்போன அதே சக்கரம் இங்கே அசைவின் ஓர் அங்கமாகிவிடுகிறது. நின்று செய்வதை அரைகுறையாக்கி, கைகளை மட்டும் ஆட்டச் சொல்லும் வகுப்புகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் செய்து பார்ப்பவர் முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடுவார்.

தாய்ச்சி 17ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஹெனான் மாநிலத்தில் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் உருப்பெற்ற தற்காப்புக் கலை. இன்று பூங்காக்களில் பரவலாகக் காணப்படும் வடிவம் அவ்வளவு பழையதல்ல. பொதுமக்கள் எளிதில் கற்கவேண்டும் என்று சீன அரசின் விளையாட்டுத் துறை 1956இல் 24 அசைவுகளாகச் சுருக்கித் தொகுத்தது அது. ஆகவே, உட்கார்ந்து செய்வதற்காக மாற்றினால் மரபு கெட்டுவிடும் என்று வருந்துவோர் அந்த 1956ஐ நினைத்துக்கொள்ளலாம். காலந்தோறும் ஆளுக்கேற்ப மாறி வந்த கலைதான் இது.

உட்கார்ந்திருக்கையில் உடம்பில் என்ன நடக்கிறது? உடலின் பாரம் இரு பிட்டங்களுக்கும் இடையே இடம் மாறுகிறது. கைகள் மேகம்போல் மிதக்கவேண்டும் என்று சொல்லப்படும் அசைவில், இடுப்பு வலமாகத் திரும்பும்போது வலப்பக்கம் அழுந்தி இடப்பக்கம் இலேசாகிறது. திரும்பி வரும்போது தலைகீழாகிறது. முதுகை நிமிர்த்தி வைக்கும் தசைகள் ஓயாமல் வேலை செய்கின்றன. கைகள் மேலே எழும்போது மூச்சு உள்ளே போகிறது, தாழும்போது வெளியேறுகிறது. சக்கரத்தைத் தாமே தள்ளுவோருக்குத் தோளின் முன்பக்கத் தசைகள் மட்டும் இறுகி, மார்பு உள்வாங்கித் தோள்வலி வருவது சாதாரணம். குதிரையின் பிடரி மயிரைக் கோதிப் பிரிப்பதாகப் பெயர் பெற்ற அசைவு கைகளை எதிரெதிர்த் திசையில் விரித்து, அந்த மார்பைத் திறக்கிறது. உடலுக்குள் ஓடும் உயிர்ச்சக்தி பற்றிச் சீன மரபு சொல்வதை நம்பினால்தான் பலன் என்றில்லை.

ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். தாய்ச்சி முதியோர் விழுவதைத் தடுக்கும் என்று துண்டுப்பிரசுரங்களில் அச்சாகிறது. அதற்கு அடிப்படை இருக்கிறது. 25 நாடுகளில் நடந்த 108 உடற்பயிற்சி ஆய்வுகளை ஒன்றுசேர்த்து காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட அலசல், தாய்ச்சி பழகுவோர் விழும் எண்ணிக்கை சுமார் 19 விழுக்காடு குறையக்கூடும் என்று கண்டது. ஆனால் அந்த எண் நின்று, நடந்து, காலில் சமநிலை பழகியவர்களுக்கு உரியது. அதை அப்படியே நாற்காலிக்கு மாற்றிச் சொல்வது சரியல்ல.

உட்கார்ந்த தாய்ச்சிக்கு வேறு சான்றுகள் உண்டு. சீனாவின் குன்மிங் நகரில் இரு மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடக்காத 160 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் 'ஸ்ட்ரோக்' மருத்துவ இதழில் வந்தது. ஒரு பாதியினர் உட்கார்ந்த தாய்ச்சி செய்தார்கள். மறு பாதியினர் மருத்துவமனை வழக்கமாகக் கொடுக்கும் கைப்பயிற்சி செய்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, தாய்ச்சி செய்தவர்களுக்குக் கையின் செயல்பாடும் உட்காரும் சமநிலையும் மேம்பட்டிருந்தன. மனச்சோர்வும் குறைந்திருந்தது. பயிற்சியில் நல்ல கை முன்செல்ல, பலமிழந்த கை அதைப் பின்பற்றுகிறது. வீட்டில் கவனித்துக்கொள்பவரும் கூடவே கற்றுக்கொண்டார். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் முதுகுத்தண்டு காயமுற்றவர்களிடம் 12 வாரம் நடத்திய முன்னோட்ட ஆய்விலும் உட்காரும் சமநிலையும் கைப்பிடி வலுவும் கூடின; அதில் பங்கேற்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

உட்காரும் சமநிலையைச் சின்ன விஷயம் என்று எண்ணவேண்டாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், குனிந்து செருப்பு மாட்டுவதும், மேசையில் எட்டி உப்பை எடுப்பதும் அதைக் கொண்டுதான். ஒருவர் தானே கழிவறைக்குப் போகிறாரா, யாரையாவது கூப்பிடவேண்டுமா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

சிங்கப்பூரில் முதியோர் கூடிக்கொண்டே போகிறார்கள். 2015இல் குடிமக்களில் 65 வயது தாண்டியவர்கள் 13.1 விழுக்காடு, 2025இல் 20.7 விழுக்காடு. 2030 வாக்கில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அந்த வயதில் இருப்பார். அரசு 2023இல் தொடங்கிய 'ஏஜ் வெல் எஸ்ஜி' திட்டம், முதியோர் தங்கள் வட்டாரத்திலேயே நலமாக இருக்கவேண்டும் என்பதை நோக்கமாகக் கொண்டது. அதற்கு முதுகெலும்பாக இருப்பவை புளோக்குகளின் கீழே இயங்கும் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள். 60 வயது ஆனவர்கள் அங்கே போய் உடற்பயிற்சியிலோ விளையாட்டிலோ கலந்துகொள்ளலாம். நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சிகள் இத்தகைய இடங்களில் வழக்கமாகிவிட்டன. லெங்கோக் பாருவில் 2015இல் திறக்கப்பட்ட எனேபிளிங் வில்லேஜில் சக்கர நாற்காலியோடு பயன்படுத்தக்கூடிய உடற்பயிற்சிக்கூடமே இருக்கிறது.

நாற்காலியில் இருப்பவர் வீட்டை விட்டுக் கீழே இறங்க முடிவதற்கே ஒரு வரலாறு உண்டு. பழைய வீவக புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டும்தான் நின்றது. மற்ற மாடிக்காரர்கள் படி ஏறினார்கள், இறங்கினார்கள். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம்தான் பெரும்பாலான புளோக்குகளில் எல்லா மாடியிலும் அதை நிற்கவைத்தது. பொதுப் பேருந்துகள் எல்லாம் சக்கர நாற்காலி ஏறும் வண்ணம் அமைந்ததும் 2020இல்தான்.

லிட்டில் இந்தியாவின் நிலைமை கொஞ்சம் வேறு. கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி வழி, ராஃபிள்ஸ் காலத்து 1822 நகரத் திட்டத்தின் எச்சம். கடைக்குக் கடை தரைமட்டம் மாறும், இடையில் படி வரும், பூமாலை வாளியும் காய்கறிக் கூடையும் வழியை மறிக்கும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவது தள்ளுபவருக்கே தாய்ச்சிப் பயிற்சி. அதே வட்டாரத்தில் தேக்கா நிலையத்தை ஒட்டிய பஃபலோ சாலை புளோக்குகளில் குடியிருக்கும் முதியவருக்குக் கீழ்த்தளமே வசதி.

இங்கே தமிழ் முதியவர்களின் விஷயத்துக்கு வரவேண்டும். 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி வீவக புளோக் எதிலும் ஓர் இனத்தார் மட்டும் குவிய முடியாது. எனவே பெரும்பாலான தமிழ்ப் பாட்டிகளும் தாத்தாக்களும் வசிக்கும் இடம் லிட்டில் இந்தியா அல்ல. ஈசூனிலும் உட்லண்ட்சிலும் தெம்பனீசிலும் சீன அண்டைவீட்டாரோடு அவர்கள் வாழ்கிறார்கள். கீழே நடக்கும் வகுப்பில் எண்ணிக்கை மாண்டரினில் போகும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினரே. ஒரு புளோக்குக்கு ஒரு தமிழ்ப் பயிற்றுநர் கிடைப்பது நடக்கிற காரியமா?

அதற்காக வீட்டில் இருந்துவிடத் தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தாய்ச்சி பார்த்துச் செய்யும் கலை. பேச்சு குறைவு, அசைவும் மெதுவானது. முன்னால் இருப்பவரின் கை எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும். "நமக்கு யோகா இருக்கே, சீனர் பயிற்சி எதுக்கு?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. நாற்காலி யோகாவும் நல்லதுதான். இரண்டில் எது உயர்ந்தது என்பதைவிட, எது மின்தூக்கியில் இறங்கினால் கிடைக்கிறது, வாரந்தோறும் தவறாமல் நடக்கிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

தாதிமை இல்லங்களுக்கும் இது பொருந்தும். சிராங்கூன் சாலையில் இருக்கும் குவோங் வாய் ஷியூ மருத்துவமனை, பழைய டான் டோக் செங் மருத்துவமனை இருந்த இடத்தில் 1910இல் கண்டோனீஸ் ஏழைகளுக்காகத் தொடங்கியது. ஈசூனில் தாதிமை இல்லம் நடத்தும் ஸ்ரீ நாராயண மிஷன் 1948இல் மலையாளிகள் நிறுவியது. இன்று இரண்டும் எல்லா இனத்தவரையும் ஏற்கின்றன. இப்படிப்பட்ட இல்லங்களின் பொது அறையில் சீனப் பாட்டியும் தமிழ்த் தாத்தாவும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காரும்போது, ஒரே அசைவை இருவரும் செய்வதற்கு மொழி பெரிய தடையாக இராது.

தொடங்குமுன் சில ஏற்பாடுகள் தேவை. சக்கர நாற்காலியின் பிரேக்கை இரு பக்கமும் போடவேண்டும். சக்கரத்தை உருட்டும் அசைவு வரும்போது மட்டும் பயிற்றுநர் சொல்லி விடுவிக்கலாம். பாதம் தரையில் படுமானால் கால்தாங்கியை மடக்கிவிட்டு முழுப் பாதத்தையும் ஊன்றுவது நல்லது. நடக்கக்கூடிய முதியவருக்குச் சக்கரமில்லாத, கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். பக்கவாதத்தில் தொய்ந்த கையை யாரும் பிடித்து இழுக்கக்கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். முதுகுத்தண்டின் மேற்பகுதியில் காயமுற்றவருக்குத் திடீரெனத் தலைவலியும் வியர்வையும் கண்டால் பயிற்சியை உடனே நிறுத்தவேண்டும். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறுவதன் அறிகுறி அது. உணர்ச்சியற்ற தோலில் அழுத்தப் புண் வருமாதலால், வகுப்பு முடிந்ததும் இருக்கையைச் சரிபார்ப்பதும் வழக்கமாகட்டும்.

முதல் நாள் பதினைந்து நிமிடம் தாராளம். நிலையத்தில் பெயர் கொடுக்கும்போதே சக்கர நாற்காலிக்கு முன்வரிசையில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நிற்பவர்களின் முதுகுக்குப் பின்னால் போட்டால் பயிற்றுநரின் கை தெரியாது. தள்ளிவரும் பணிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லலாம். மழை நாளில் வகுப்பு இல்லாதபோது வீட்டு வரவேற்பறையில் அசைவை எடுத்துக்கொடுக்கப்போவது அவர்தான்.