நிற்கிற காருக்கும் சுங்கம்

ஆந்திராவின் வெதுருகுப்பத்தில் கார் வீட்டு வாசலில் நிற்கிறது. எங்கோ ஒரு டோல்கேட்டைத் தாண்டியதாகப் பணம் பிடித்த செய்தி கைப்பேசிக்கு வருகிறது. இப்படி நடந்தால் யாருக்கும் முதல் சந்தேகம் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் மேல்தான் விழும். பாவம், ஃபாஸ்டேக்கால் செய்ய முடியாத காரியம் அது.

அந்த ஒட்டுவில்லைக்குள் பேட்டரி கிடையாது. கடுகளவு சிப், மெல்லிய உலோக ஆன்டெனா, அவ்வளவுதான். டோல்கேட்டின் ரீடர் 865–867 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலையை வீசுகிறது. அதிலிருந்து கிடைக்கும் துளி ஆற்றலில் சிப் விழித்துக்கொள்கிறது. பதில் சொல்லச் சொந்த அலை இல்லை. வந்த அலையையே ஒரு கணம் கூடுதலாக, மறுகணம் குறைவாகத் திருப்புகிறது, கண்ணாடித் துண்டால் வெயிலைச் சிமிட்டிக் காட்டும் சிறுவனைப் போல. அந்தச் சிமிட்டல்தான் உங்கள் அடையாள எண். திருப்பிய அலையால் பேசும் இந்த வித்தையை ஹாரி ஸ்டாக்மன் 1948இலேயே எழுதிவைத்தார்.

போகும்போதும் வரும்போதும் அலை தேய்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வருவது பதினாறில் ஒரு பங்கு. அதனால் பல மீட்டர் தாண்டினாலே டேக் ஊமையாகிவிடும். தொலைவிலிருந்து எதிரொலி கேட்க எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்: திருப்பதி–சித்தூர் சாலையிலுள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் ரேடார், வானத்தின் காற்றோட்டத்திலிருந்து எதிரொலி கேட்கிறது. அதற்கு 1024 ஆன்டெனாக்களும் 25 லட்சம் வாட் உச்சத்திறனும் வேண்டியிருக்கின்றன. டோல் ரீடருக்கு அனுமதி 4 வாட்தான்!

ரேடியோ தவறே செய்யாது என்றில்லை. உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் அலை, பக்கத்து வரிசை வண்டியின் டேக்கை எழுப்பிவிடலாம். ஆனால் அதற்கு அந்த வண்டி அங்கே இருக்க வேண்டும்.

வராத வண்டிக்குப் பணம் பிடிப்பது பெரும்பாலும் விரல். டேக் படிக்காதபோது ஊழியர் வண்டி எண்ணைக் கையால் தட்டுகிறார். பின்னால் ஹாரன், முன்னால் வாக்குவாதம். 2022 அக்டோபரில் வடமாலப்பேட்டை அருகே எஸ்.வி.புரம் டோல்கேட்டில், ஃபாஸ்டேக் தகராறு தமிழ்நாட்டுச் சட்ட மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் இடையே அடிதடியாகவே முடிந்தது. இப்படிப்பட்ட நெருக்கடியில் ஓர் இலக்கம் மாறினால் போதும், வேறு யாரோ கட்டணம் கட்டுகிறார்.

மாதம் சுமார் 30 கோடி பரிமாற்றங்களில் உண்மையான புகார் சராசரியாக 50தான் என்று 2025 தொடக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சொன்னது. ஐம்பது ரூபாய்க்காக யார் 1033 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துக் காத்திருப்பார்கள்? அழைக்காதவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆனால் பொய்ப் பிடித்தம் உறுதியானால் டோல் நடத்துபவருக்கு ஒரு சம்பவத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம்; 250க்கும் மேற்பட்ட சம்பவங்களில் அப்படி விதித்திருக்கிறார்கள். ஆகவே அழைக்கலாம். கேட்க வேண்டியது இதுதான்: அந்த நேரத்தில் ரீடர் டேக்கைப் படித்ததா, யாராவது எண்ணைத் தட்டினார்களா? வண்டியின் படம் எங்கே?